எட்டும் ஒன்பதும் இல்லாத கடதாசி

வெள்ளவத்தை
18.03.1996

அன்புள்ள அருந்ததிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். தொலைபேசியில் கிடைத்த மூன்று நிமிடத்தையும் நீயும் நானும் அழுதே முடித்துவிட்டோம். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். உன் அண்ணாவுக்கு என்ன நடந்தது என்பதை நீ ஒழுங்காக அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெப்ரவரி இருபது, செவ்வாய்க்கிழமை. நான் காலையிலேயே கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டேன். இவர் அங்கே துறைமுகக் கிட்டங்கியில் கிளாக்கராக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இவர் வேலையிலிருந்து இளைப்பாறி இரண்டு வருடமாகியும் நான் விடவில்லை. "கந்தனுக்குப் பாட்டுக் கட்டுறவன்ர பெண்சாதி அந்தோனியாரிட்டப் போறா" என்று அன்றைக்கும் பகிடி பண்ணித்தான் அனுப்பினார்.

பத்து மணிபோல் மினுக்கிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். கீழ்வீட்டு ருக்கியாவிடம், "தபாற்கந்தோர் மட்டும் போட்டு வாறன் பிள்ளை. அவ வந்தா சொல்லுங்கோ" என்றாராம். ஒழுங்கை முடிந்து பஸ் ஓடுகிற காலி வீதியில் ஏறுகிற இடத்தில், கோட்டையில் குண்டு வெடித்த பிறகு ஆட்களை மறித்துச் சோதிக்கப் போட்ட சென்ரி இருக்கிறது. ருக்கியாவின் புருஷன் வீதிக்கு மறுகரையில் நின்று பார்த்திருக்கிறார். அடையாள அட்டையைப் பார்த்தார்களாம். பிறகு சேர்ட் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்து நெடுநேரம் பார்த்தார்களாம். இவர் சிரித்துக்கொண்டு தன் உள்ளங்கையில் தட்டித் தட்டி ஏதோ விளங்கப்படுத்தினாராம். அவர்களும் சிரித்தார்களாம். பிறகு பெரியவன் ஒருவன் வந்தான், அவன் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொலிசில் கேட்டால், விசாரித்து அன்று மாலை ஆறு மணிக்கே விட்டுவிட்டோம் என்கிறார்கள். விட்ட மனுஷன் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? செஞ்சிலுவைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதுக்கடைக் கோர்ட்டில் சவுந்தரநாயகம் என்ற சட்டத்தரணி ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்கிறார்.

பாதி குடித்த தேத்தண்ணி மேசையில் இருந்தது. நான் அதை ஊற்றிவிட்டேன். ஊற்றியிருக்கக் கூடாது.

உன் மச்சாள்
நாகேஸ்


லண்டன்
09.04.1996

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். உள்ளங்கையில் தட்டிக் காட்டினார் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். சின்னண்ணா வருவார். கட்டாயம் வருவார். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அவருடைய பாட்டுக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். இருபத்தாறு வருடத்தில் நாற்பது பாட்டு. அதில் இரண்டு பாட்டு வானொலியில் வந்தன, இரண்டு முறையும் இயற்றியவர் பெயரைச் சொல்லவில்லை. "பேரை நான் பாட்டுக்குள்ளேயே வைச்சிருக்கிறன், அவை சொல்லாட்டி என்ன" என்று அண்ணா சிரித்தார். சரணத்தின் கடைசி வரியில் தன் பெயருக்குப் பதிலாக 'கரைவேலா' என்று வைக்கும் அந்த முத்திரையைத்தான் சொன்னார். ஆனால் அதைக்கூட உடனே எழுத மாட்டாரே. வேறொருவர் வாயால் முழுதாகப் பாடும்வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைப்பார். நான் கொழும்பில் இருந்தவரை எதிரில் இருந்து பாடினேன். இங்கே வந்த பிறகு தபாலில் அனுப்புவார். நான் பாடிப் பார்த்து, 'பாடினேன்' என்று ஒரு வரி எழுதுவேன். அந்தக் கடிதம் கிடைத்த அன்றுதான் கொப்பியில் சுரத்தை ஏற்றி, மையால் முத்திரையை எழுதி முடிப்பார்.

நாற்பத்தொன்றாவது பாட்டின் சொற்கள் ஜனவரியில் வந்தன. சகானா இராகம், ரூபக தாளம். "வருவேன் என்று சொன்னவன் நீ, வாசல் திறந்திருக்கக் கண்டும் வாராததேன்?" என்று பல்லவி. சுரம் பின்னால் வரும் என்று எழுதியிருந்தார். இன்னும் வரவில்லை.

அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தார்களா, மச்சாள்?

அன்புடன்
அருந்ததி


வெள்ளவத்தை
27.06.1996

அன்புள்ள அருந்ததிக்கு,

உன் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

மனுவுக்குப் பதிலாகப் பொலிஸ் அந்தக் கடதாசியின் பிரதியைக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறது. அது ஏரோகிராம். வெளியில் உன்னுடைய விலாசம், உள்ளே முழுக்க எண்கள். ஒரு சொல் இல்லை, ஒரு 'அன்புள்ள' இல்லை. எண், காற்புள்ளி, கோடு, சிலதுக்கு மேலும் கீழும் புள்ளி. சங்கேத மொழி என்கிறார்கள். லண்டனுக்குப் போகிற சங்கேதம் என்றால் இயக்கத்துக்கு என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள், உனக்குத் தெரியும்தானே.

சுரமாக இருக்குமோ என்று நானே முதலில் நினைத்தேன். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நாற்பது பாட்டுக்கும் சுரம் ஸ, ரி, க என்று எழுத்தில்தான் இருக்கிறது. ஒரு இடத்தில்கூட எண் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சிலால் சொற்கள் மட்டும். கடைசி வரியில், "கடலும் ஓய்ந்தது" என்றதற்குப் பிறகு ஓர் இடைவெளி, பிறகு "நீ வாராததேன்". அவ்வளவுதான்.

சவுந்தரநாயகம் நல்ல மனுஷன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "அம்மா, ஒளிக்காமச் சொல்லுங்கோ. இவருக்கு ஆரோடையும் தொடர்பு இருந்ததோ?" இல்லை என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து இருந்து யோசித்தேன், அருந்ததி. முப்பத்தொரு வருடம் சமைத்துப் போட்ட மனுஷனை யோசித்தேன். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால், "நிஷாதம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார். அப்படிப்பட்ட ஆளுக்கு இன்னொரு முகம் இருந்திருக்குமோ? துறைமுகத்தில் கப்பல் விபரமெல்லாம் இவர் கையால்தானே போனது? இப்படி யோசிக்கிற என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு, கோட்டையிலிருந்து வருகிற ரெயில் கடற்கரையால் போன பிறகு, முன் அறையில் சத்தம் கேட்கிறது. இவருடைய சாய்மனைக் கதிரையின் கைப்பிடியில் தட்டுகிற சத்தம். தட்டு, தட்டு, பிறகு ஒன்றுமில்லை. மறுபடி தட்டு, தட்டு, ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால் கதிரை கிடக்கிறது. பயமாக இல்லை. குசினியில் நின்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணி போடுகிறேன், இரண்டு கோப்பை. போன கிழமை ருக்கியா மேலே ஓடி வந்தாள். "அக்கா, ஐயா வந்துட்டாரா? தட்டுற சத்தம் கேட்டிச்சே!" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த எண்களைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எதுவானாலும் எழுது. இவர் கெட்டவர் என்றாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்னுகிறது.

உன் மச்சாள்
நாகேஸ்


லண்டன்
02.08.1996

அன்புள்ள மச்சாளுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. எனக்குக் காய்ச்சல், பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை. கோபிக்க வேண்டாம்.

சின்னண்ணாவைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்காதீர்கள். அவர் ஓர் எறும்பை மிதித்தாலும் பின்னுக்குப் போய்ப் பார்க்கிற ஆள். பொலிஸ் ஆயிரம் சொல்லும். சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

இங்கே எங்கள் சங்கத்தில் அண்ணாவின் பாட்டுகளை வைத்து ஒரு மாலைக் கச்சேரி செய்யலாம் என்று கேட்கிறார்கள். நாற்பதிலும் பத்தைத் தெரிவுசெய்து நானே பாடுகிறேன். நோட்டீஸில் போட அண்ணாவின் படம் ஒன்று அனுப்புவீர்களா? கதிரேசன் கோயில் வேல்விழாவில் எடுத்த படம் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அருந்ததி


வெள்ளவத்தை
11.10.1996

அருந்ததிக்கு,

படம் அனுப்ப மாட்டேன். மேடையில் பூமாலை போட்டுப் படம் வைப்பது யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

நான் எழுதிக் கேட்டது படத்தைப் பற்றியும் இல்லை, காய்ச்சலைப் பற்றியும் இல்லை. எண்களைப் பற்றிக் கேட்டேன். நீ அந்தச் சொல்லையே தொடவில்லை. தெரியாதவள் என்றால் "தெரியாது மச்சாள்" என்று ஒரு வரி எழுதியிருப்பாய். இரண்டு மாதமாக இதுதான் எனக்குக் குடைச்சல்.

சட்டத்தரணியிடம் கெஞ்சி அந்தப் பிரதியில் ஒன்று வாங்கிவந்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது என்று உன் குடும்பமே சொல்லும். உண்மைதான். ஆனால் முப்பத்தொரு வருடம் இந்தத் தட்டுகளோடு இருந்திருக்கிறேன். நேற்று அரிசி புடைத்துவிட்டு உட்கார்ந்து அந்தக் கடதாசியை எண்ணினேன். முதல் வரி இப்படி இருக்கிறது:

2 3 4 5 , 4 | 6 7 6 5 , 4 | 3 4 2 3 , 2 |

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில், காற்புள்ளியையும் சேர்த்தால், எப்போதும் ஆறு. மேசையில் தட்டிப் பார்த்தேன். தட்டுக்கு இரண்டு, தட்டுக்கு இரண்டு, கையை வீசி விடுகிற இடத்துக்கு இரண்டு. சரியாக வந்து விழுகிறது. முன் அறையில் நான் கேட்டது இதைத்தான்.

பிறகு இன்னொன்றைக் கண்டேன். சட்டத்தரணி காணவில்லை, பொலிஸ் காணவில்லை. முழுக் கடதாசியிலும் எட்டு இல்லை. ஒன்பது இல்லை. பூச்சியம் இல்லை. கப்பல் விபரம் என்றால் எட்டு வராமல் இருக்குமா? தொலைபேசி இலக்கம் என்றால் பூச்சியம் வராமல் இருக்குமா? ஏழோடு நின்றுவிடுகிறது. ஏழோடு நிற்பது எது, அருந்ததி? நீ பாட்டுக்காரி, நீ சொல்லு.

இவர் கொப்பியில் எழுத்தில் எழுதுகிறவர். உனக்கு மட்டும் எண்ணில் எழுதியிருக்கிறார் என்றால், யாரோ கேட்டதால்தானே?

நவம்பர் இருபத்தாறு வழக்கு. எண்ணில் எழுதும் வழக்கம் உங்களுக்குள் இருந்தது என்று காட்ட ஒரு பழைய கடிதமும் உன்னுடைய சத்தியக் கடதாசியும் வேண்டும் என்கிறார் சவுந்தரநாயகம். தபாலில் போடாதே. யாராவது வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடு.

முன் அறையில் சத்தம் நின்றுவிட்டது. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு கேட்கவில்லை. ரெயில் போன பிறகு இப்போது சும்மா ரெயில் போன பிறகு மாதிரித்தான் இருக்கிறது. ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டேன்.

நாகேஸ்வரி


லண்டன்
25.10.1996

அன்புள்ள மச்சாளுக்கு,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுதத்தான் மார்ச்சிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். காய்ச்சல் பொய். பரீட்சை பொய்.

இங்கே என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஸவுக்கு ஒன்று, ரிக்கு இரண்டு, நிக்கு ஏழு என்று எண்ணைப் போட்டுத்தான் பாட வைக்கிறேன். மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. போன வருடம் அண்ணாவுக்கு எழுதினேன்: சொற்களை ஒரு ஏரோகிராமிலும் சுரத்தைத் தனியாக இன்னொன்றிலும் அனுப்புங்கள், சுரத்தை எண்ணிலேயே எழுதுங்கள், அப்படியே பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. என்னுடைய சோம்பல் மச்சாள். இருந்து மாற்றி எழுதப் பஞ்சிப்பட்டேன்.

முப்பத்தொன்பதாவதையும் நாற்பதாவதையும் அப்படித்தான் அனுப்பினார். இரண்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. நாற்பதாவதோடு ஒரு குறிப்பும் வைத்தார்: "பாட்டை ரெலிபோன் நம்பராக்கிப் போட்டாய். பரவாயில்லை, கடவுளுக்கு டயல் பண்ணிப் பார்க்கிறன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொழும்பில் எந்தச் சந்தியில் யார் நின்று எதை விரித்துப் பார்க்கிறார்கள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை. பன்னிரண்டு வருடமாக இங்கே இருந்து எனக்கு அந்தப் பயமே மறந்துபோனது.

ஜூலையில் உங்கள் கடிதம் வந்தது. "எண்கள்" என்ற சொல்லைக் கண்டதும் நான் பயந்திருந்தது நிச்சயமாகிவிட்டது. அண்ணாவை அந்த ஜீப்பில் ஏற்றிவிட்டது நான் என்று உங்களுக்குத் தெரியவந்தால் எனக்கு வெள்ளவத்தையில் வீடே இல்லை என்று பயந்தேன். அதற்குள் அண்ணா தானாக வந்துவிடுவார், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அவரைச் சந்தேகப்பட்டு வெந்துகொண்டிருந்த நேரமெல்லாம் நான் இப்படி நினைத்துக்கொண்டு இருந்தேன்.

சத்தியக் கடதாசியும், அந்த இரண்டு பாட்டின் எண் கடதாசிகளும், அண்ணாவின் குறிப்பும் இதோடு இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வருகிற டொக்டர் ஒருவர் கையால் கொண்டுவந்து தருவார்.

நீங்கள் எழுதியனுப்பிய அந்த ஒரு வரிக்கு மேல் சொற்களை வைத்துப் பார்த்தேன். "வருவேன் என்று சொன்னவன் நீ" அப்படியே உட்காருகிறது. மனதுக்குள் மட்டும்தான். வாயைத் திறக்கவில்லை. மிச்ச எண்களையும் எழுதி அனுப்புவீர்களா? அனுப்பினால், நான் பாடலாமா? உங்களைக் கேட்காமல் பாட மாட்டேன்.

என்னை மன்னிக்க முடியுமா, மச்சாள்?

அருந்ததி


வெள்ளவத்தை
02.12.1996

அருந்ததிக்கு,

டொக்டர் கொண்டுவந்து தந்தார். எல்லாம் கிடைத்தன.

இருபத்தாறாம் திகதி கோர்ட்டில் சவுந்தரநாயகம் மூன்று எண் கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கொப்பியிலிருந்து நாற்பதாவது பாட்டின் எழுத்துச் சுரத்தையும் வைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தன் மகளும் வயலின் படிக்கிறாள் என்றார். இது சங்கீதம்தான், இதில் வேறொன்றும் இல்லை என்று பதிந்தார்கள். எதிர்ப் பக்கத்து வக்கீலும் மறுக்கவில்லை. ஆனால் ஆளைப் பற்றிக் கேட்டபோது பழைய பதில்தான். அன்று மாலை ஆறு மணிக்கே விட்டுவிட்டார்களாம்.

அந்த ஏரோகிராமை எனக்குத் திருப்பித் தந்தார்கள். கடதாசி வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்கு மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து நாகேந்திரம் என்று ஒருவர் தேடி வந்தார். நகைக்கடையில் கணக்கெழுதியவர். சந்தேகத்தில் பிடித்து ஏழு மாதம் அடைத்து வைத்துவிட்டு ஒக்டோபரில் விட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று அவருக்கே தெரியாது, கண்ணைக் கட்டித்தான் கொண்டு போனார்களாம். பேப்பரில் வழக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடுத்த அறையில வயசான ஒராள் இருந்தவர், அம்மா. முகம் காணேல்லை. பின்னேரத்தில சுவரில தட்டுவார். ரெண்டு தட்டு, பிறகு ஒரு இடைவெளி. நானும் திருப்பித் தட்டுவன். அப்ப சிரிக்கிற சத்தம் கேக்கும். 'அவங்களுக்கு என்ர பாட்டு விளங்கேல்லை, லண்டனிலயிருந்து தங்கச்சி எழுதினா விட்டிடுவாங்கள்' எண்டு ஒருநாள் சொன்னவர். ஆகஸ்ட் கடைசியில ஒருநாள் கூட்டிக்கொண்டு போனவங்கள். பிறகு தட்டுக் கேக்கேல்லை."

நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வந்ததற்கு நன்றி சொல்லி, கீழே வாசல்வரை போய் வழியனுப்பினேன். மேலே ஏறி வந்த பிறகுதான் எனக்கு உன் நினைவு வந்தது.

ஜூனில் எழுதினேன், அருந்ததி. ஜூலையில் பதில் வந்திருக்கலாம்.

மன்னிக்க முடியுமா என்று கேட்டாய். எண்ணில் எழுதச் சொன்னதற்கு மன்னிக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்காகக் கேட்டாய், அவரும் விரும்பித்தான் எழுதினார். ஜூலையில் எழுதாமல் விட்டது வேறு. உன்மேல் கோபம் இருக்கிறது. அது இன்னும் பெருகும் என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் அது உன் அண்ணாவின் பாட்டு. அதை என்னிடம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முழுவதையும் ஒன்றுவிடாமல் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். புள்ளிகளை மூன்று தரம் சரிபார்த்தேன்.

பாடு. பாட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடு. மேடையிலும் பாடு. ஆனால் பாடினேன் என்று மட்டும் எனக்கு எழுதாதே. அந்த வரி இந்த வீட்டுக்கு வந்தால் கொப்பியை எடுத்து முத்திரையை எழுதி முடிக்க வேண்டும். அதை எழுதுகிற ஆள் வெளியில் போயிருக்கிறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்.

நீ எதை எழுதினாலும், உறையைக் கண்டதும் அந்த வரி உள்ளே இருக்குமோ என்று பிரிக்காமலே வைத்துவிடுவேன். ஆகவே இனி எனக்குக் கடிதம் போடாதே.

பல்லவியில் கேட்டிருக்கிறாரே, அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது.

நாகேஸ்வரி இரத்தினசிங்கம்